தேதி முடிந்த லாரி

பூன் லே வீட்டுப் பின்கட்டில் ஒரு பெட்ஃபோர்டு கதவு. மூன்று தலைமுறை அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. சிங்கப்பூரில் பழைய லாரியைக் காப்பாற்ற நினைக்கும் குடும்பத்துக்குக் கடைசியில் மிஞ்சுவது என்ன?

துணி காயப்போடும் மூங்கில் கழிகளுக்கும் வாஷிங் மெஷினுக்கும் நடுவே, விரித்த செய்தித்தாள்களின் மேல், ஒரு லாரிக் கதவு சுவரில் சாய்ந்து நிற்கிறது. அதன் கீழ்விளிம்பு கறையான் அரித்த பனையோலை மாதிரி பொடிந்திருக்கிறது. அப்பா ஸ்க்ரூடிரைவரைத் திருப்பிப் பிடித்து, கைப்பிடியால் கதவின் நடுவில் ஒரு தட்டு தட்டுகிறார். ணங். ஒரு சாண் கீழே இறங்கி இன்னொரு தட்டு. தொப்.

“இப்ப சொல்லு, எங்க இரும்பு முடியுது?”

பன்னிரண்டு வயதுப் பேத்தி காதைச் சாய்த்துக் கேட்கிறாள். “இங்க, தாத்தா.” அப்பா சாக்பீஸை அவளிடம் நீட்டுகிறார். இரும்புக்கும் துருவுக்கும் நடுவே அவள் எல்லைக்கோடு போடுகிறாள்.

அது பெட்ஃபோர்டு டிகே லாரியின் இடப்பக்கக் கதவு. 1979இல் ஜூரோங்கில் கெலிண்டானாக, அதாவது லாரி உதவியாளாக, அப்பா வேலைக்குச் சேர்ந்தபோது உட்கார்ந்து போன பக்கம். பிறகு வலப்பக்கம் மாறி ஓட்டுநரானார். லாரி உடைக்கப் போன நாளில் கேட்டு வாங்கிக்கொண்டது இந்த ஒரு கதவை மட்டும்தான். அடுக்குமாடி வீட்டில் வைக்க இடமில்லை. ஜொகூரில் அத்தை வீட்டுக்குப் போய், கோழிக்கூண்டுக்குக் கூரையாகப் பல வருடம் மழை தாங்கியது. கோழிகளும் போய், அத்தையும் போன பிறகு பூன் லேக்குத் திரும்பி வந்திருக்கிறது.

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “ஏன் கதவு மட்டும்? லாரி எங்கே?”

துருவுக்கு முன்னால் வரும் தேதி

யூடியூபைத் திறந்தால் பண்ணையில் புதைந்து கிடந்த லாரியைத் தோண்டி எடுத்து, அப்பாவும் பிள்ளைகளுமாக ஓட வைக்கும் அமெரிக்கக் குடும்பங்கள் வரிசை கட்டி வருகின்றன. பார்க்கிற நம் பிள்ளைகளும் ‘நாமும் செய்யலாமா’ என்று கேட்கிறார்கள். அங்கே குடும்பத்தின் எதிரி துரு. இங்கே துரு வந்து சேருவதற்கு முன்பே தேதி வந்துவிடுகிறது.

1990 மே மாதம் சிங்கப்பூரில் வாகன ஒதுக்கீட்டு முறை நடப்புக்கு வந்தது. வண்டியைப் பதிவதற்கு முன், அதை வைத்துக்கொள்ளும் உரிமையையே ஏலத்தில் எடுக்க வேண்டும். வாகன உரிமைச் சான்றிதழ் என்பது அதன் முழுப் பெயர். ஊர் வாயில் சிஓஇ. அதற்கு ஆயுள் பத்தாண்டு. லாரி, வேன், பஸ் எல்லாம் ‘சி’ பிரிவு. பத்தாண்டு முடிந்தால், கடந்த மூன்று மாத ஏல விலையின் சராசரியைக் கட்டிப் புதுப்பிக்கலாம். அதற்கும் ஓர் எல்லை உண்டு: சரக்கு வண்டிக்குச் சட்டம் தரும் உச்ச வயது 20. எஞ்சின் மணிபோல ஓடினாலும் சரி, இருபதாவது வருடத்தோடு கணக்கு முடிந்தது.

காருக்கு அப்படி ஒரு உச்ச வயது கிடையாது. காசும் மனமும் இருந்தால் பத்துப் பத்து ஆண்டாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். 35 வயதைத் தொட்டுவிட்டால் ‘கிளாசிக்’ திட்டம் காத்திருக்கிறது. வருடத்துக்கு 45 நாள் சாலையில் ஓட்டலாம். ஞாயிறு காலை மினு மினுவென்று பழைய மெர்சிடிஸ் ஊர்வலம் போவதன் ரகசியம் இதுதான். லாரிக்கு இந்தக் காத்திருப்பே வாய்க்காது. இருபதில் சாகவேண்டிய வண்டி முப்பத்தைந்துக்கு எப்படிப் போய்ச் சேரும்?

ஜொகூரிலிருந்து ஒரு பழைய லாரியை வாங்கி வரலாமே என்றால், அந்த வழியும் அடைபட்டதுதான். மூன்று வயதைத் தாண்டிய வண்டியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து இங்கே சாதாரண முறையில் பதிய முடியாது. பதியாமல் சும்மா வைத்துக்கொண்டு வேலை பார்க்கலாம் என்றால், எங்கே? வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வாகன நிறுத்துமிடத்தில் வண்டியைப் பிரித்துப் போட்டுப் பழுதுபார்க்க விட மாட்டார்கள். பொதுத் தாழ்வாரத்தில் பொருள் வைக்கலாமென்றால், தீ விபத்தின்போது ஆள் ஓட 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும். அதனால்தான் கதவு வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

சட்டத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது. தீவு சின்னது. பழைய டீசல் எஞ்சினின் கரும்புகை பக்கத்து புளோக் குழந்தையின் நெஞ்சுக்குள் போகிறது. பழைய டீசல் வண்டியைக் கொடுத்துவிட்டுப் புதிது எடுப்பவருக்குச் சலுகை தரும் திட்டம் 2013இல் வந்ததும் அதற்காகத்தான். ஊர் சுத்தமாக இருப்பதற்கு ஊரார் கொடுக்கும் விலைகளில் இதுவும் ஒன்று.

■ பெட்டிச் செய்தி: தேதிக் கணக்கு

• 10 ஆண்டு: ஒரு சிஓஇயின் ஆயுள்.
• 20 ஆண்டு: சரக்கு வண்டிக்குச் சட்டம் விட்டிருக்கும் உச்ச வயது.
• 35 ஆண்டு: ‘கிளாசிக்’ தகுதிக்குக் குறைந்தபட்ச வயது. சாலையில் வருடத்துக்கு 45 நாள்.
• 2018 பிப்ரவரி: கார், மோட்டார்சைக்கிள் எண்ணிக்கையின் வளர்ச்சி விகிதம் பூஜ்யமாக்கப்பட்டது. லாரி, பஸ் பிரிவுக்கு 0.25 விழுக்காடு விட்டுவைக்கப்பட்டது.
• 150,001 வெள்ளி: 2023 அக்டோபரில் பெரிய கார் பிரிவின் சிஓஇ தொட்ட விலை. வண்டி விலை தனி.

லாரி தூக்கி வந்த ஊர்

பூன் லே என்பது ஒரு மனிதரின் பெயர். சியூ பூன் லே (1852–1933) மிளகும் ரப்பரும் பயிரிட்டவர், பிஸ்கட் தொழிற்சாலை நடத்தியவர். அவருடைய தோட்டமும் சுற்றியிருந்த சதுப்பும் 1960களில் ஜூரோங் தொழிற்பேட்டையாக மாறின. மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டியது, தொழிற்சாலைக்குக் கம்பி சுமந்தது, 1970களில் எழுந்த அடுக்குமாடிகளுக்குச் செங்கல் சுமந்தது எல்லாமே லாரி. ரயில் பிறகுதான் வந்தது. பூன் லே எம்ஆர்டி நிலையம் திறந்தது 1990 ஜூலையில். சிஓஇ வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரே ஆண்டில் மனிதர்களுக்கு ரயிலும் வண்டிகளுக்குத் தேதியும் கிடைத்தன.

லாரி பூட்டும் வேலைக்கும் இந்தத் தீவில் நீண்ட வரலாறு உண்டு. புக்கிட் தீமா சாலையின் மேல்பகுதியில் ஃபோர்டு நிறுவனம் 1941 அக்டோபரில் வண்டி பொருத்தும் ஆலையைத் திறந்தது. தென்கிழக்கு ஆசியாவில் ஃபோர்டுக்கு அதுவே முதல் ஆலை. நான்கு மாதம் கழித்து, 1942 பிப்ரவரி 15 அன்று, அதே கட்டடத்தில்தான் பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் சரணடைந்தார்கள். போர்க்காலத்தில் நிசான் அங்கே ராணுவத்துக்கு லாரி பூட்டியது. ஆலை 1980இல் மூடியது. கட்டடம் இன்று தேசிய நினைவுச்சின்னம், உள்ளே அருங்காட்சியகம். லாரி பூட்டிய கட்டடத்தைக் காப்பாற்ற வழி இருந்திருக்கிறது. லாரிக்குத்தான் இல்லை.

கடைசி இரண்டு வருடம்

தேதி தெரிந்துவிட்டால் மனிதர்கள் வண்டியை நடத்தும் விதமே மாறிவிடும். இதைப் பார்க்க ஓய்வுபெற்ற லாரிக்காரர் ஒருவருடன் ஒரு விடியற்காலை நடந்தால் போதும்.

காலை ஆறு மணிக்கு முன் பூன் லே, ஜூரோங் வெஸ்ட் சாலையோரங்களில் பத்தடி, பதினான்கடி லாரிகள் ஊழியர்களை ஏற்றிக்கொண்டு கிளம்புகின்றன. கதவுப் பக்கம் எடைக் கணக்கும் ஆள் கணக்கும், பின்னால் வட்டத்துக்குள் வேக வரம்பும் எழுதியிருக்கும். அப்பா அதையெல்லாம் படிப்பதில்லை. அவர் பார்ப்பது சக்கரத்து மேல்வளைவு, கதவின் அடிவிளிம்பு, பின்தட்டின் கீல். பெயின்ட் கொப்புளம் விட்டிருந்தால் உள்ளே வேலை நடக்கிறது என்று அர்த்தம். இரும்பு துருவாக மாறும்போது பல மடங்கு பருத்துப் பெயின்டை மேலே தள்ளுகிறது. கொப்புளத்தின் மேல் பட்டி பூசிப் பளபளவென்று அடித்திருந்தால், வண்டிக்கு வயது பதினேழோ பதினெட்டோ என்பார். பெரும்பாலும் தப்பாது.

முதலாளியைக் குறை சொல்ல முடியாது. இன்னும் இரண்டு வருடத்தில் போகப்போகிற வண்டிக்குத் தகரம் வெட்டி ஒட்டுப்போட யார் காசு செலவழிப்பார்? பத்து வயதுக்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை உண்டு. பிரேக்கும் புகையும் அங்கே பிடிபட்டுவிடும். அழகு யாருக்கும் கணக்கில்லை. அப்படியே கைவேலையும் தேய்கிறது. பழைய பட்டறையில் ஒரு பையன் டிரம் பிரேக்கைத் தட்டிச் சரிசெய்யக் கற்றான், தகரத்தைச் சுத்தியலால் வளைத்து விளிம்பு மடித்தான், கார்பரேட்டரைப் பிரித்து ஊதினான். இருபது வயதைத் தாண்டாத வண்டிகளின் ஊரில் அவனுக்கு அதில் எதற்கும் தேவையில்லை. பழுதான பாகத்தைக் கழற்றிப் போட்டுப் புதியதை மாட்டினால் வேலை முடிந்தது.

சாமான் கிடைக்கும் இடங்களும் அதே வழியில் போயின. லிட்டில் இந்தியாவுக்கு ஒரு நடை தூரத்தில் இருந்த சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலை 10 அன்று மூடப்பட்டது. தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிவிட்டு அந்தப் பக்கம் திரும்பினால் பழைய ஸ்பானர், ஹாரன், கடிகார முள், யாரோ ஒருவர் வண்டியின் கதவுப்பிடி என்று தரையில் பரப்பி வைத்திருப்பார்கள். இப்போது எங்கள் கதவுக்கு ஒரு கைப்பிடி தேட இணையத்தில் இங்கிலாந்து வரை போக வேண்டியிருக்கிறது.

உடைத்த லாரியின் இரும்பு என்ன ஆகும்? ஒரு பகுதி கப்பலேறும், ஒரு பகுதி உருகும். ஜூரோங்கிலேயே 1960களிலிருந்து பழைய இரும்பை மின்உலையில் உருக்கிக் கட்டடக் கம்பி இழுக்கும் ஆலை இருக்கிறது. தேசிய இரும்பு எஃகு ஆலையாகத் தொடங்கி நாட்ஸ்டீல் ஆனது. இடையில் 2005 முதல் 2021 வரை இந்தியாவின் டாடா ஸ்டீல் கையில் இருந்தது. அப்பா ஓட்டிய லாரி ஏதாவது ஒரு புளோக்கின் தூணுக்குள் கம்பியாக நிற்கக்கூடும். மாதத் தவணையோடு அதற்குள்ளேயே நாங்கள் குடியிருக்கவும் கூடும்.

கடல் தாண்டினால்

முழு லாரியையே எழுப்பிப் பார்க்கத் துடிக்கும் குடும்பங்கள் ஊர்ப்பக்கம் திரும்புகின்றன. தமிழ்நாட்டில் அதற்கு ஏற்ற கைகள் இன்னும் இருக்கின்றன. காரணம், அங்கே லாரியை முழுசாக வாங்கும் பழக்கமே நெடுங்காலம் கிடையாது. சேஸிஸை வாங்கி, நாமக்கல்லுக்கோ திருச்செங்கோட்டுக்கோ ஓட்டிப் போனால், தச்சரும் வெல்டரும் பெயின்டரும் சேர்ந்து கேபினும் கூடும் கட்டித் தருவார்கள். பஸ் என்றால் கரூர். தகரம் வெட்டி வளைப்பது அவர்களுக்கு அன்றாட வேலை. அழுகிய கேபினைக் கொண்டுபோய் நிறுத்தினால், பாகம் எங்கே கிடைக்கும் என்று கேட்கமாட்டார்கள். அளவு எடுக்க நாடாவை எடுப்பார்கள்.

வண்டிக்கும் பஞ்சமில்லை. 1948இல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் தொடங்கி, 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. 1954இல் டாடாவும் டைம்லர் பென்ஸும் சேர்ந்து லாரி செய்ய ஆரம்பித்தன. இந்திய அரசு 2021இல் கொண்டுவந்த விதிப்படி, ஐம்பது வயதுக்கு மேற்பட்ட, சொந்த உபயோகத்துக்கான, உருமாறாத இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு ‘விஏ’ என்ற எழுத்துகளோடு தனிப்பதிவு கிடைக்கும். முதல் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும். ஆனால் வாடகைக்கோ வியாபாரத்துக்கோ ஓட்டக் கூடாது. பாரம் ஏற்றிப் பிழைத்த லாரி அந்த வரிசையில் சேருவது கஷ்டம்தான்.

விடுமுறைக்குப் போகிற சிங்கப்பூர்க் குடும்பத்துக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. வருடத்தில் மூன்று வாரம் ஊரில் இருந்து லாரியை எழுப்ப முடியாது. பணம் அனுப்பிவிட்டுப் படம் பார்ப்பதுதான் நடக்கும். வண்டி எழுந்துவிடும், பிள்ளைக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரிந்திருக்காது.

■ பெட்டிச் செய்தி: சாகவிடாத ஊர்

பழைய வண்டியோடு வாழ்வது எப்படி என்று யாழ்ப்பாணத்தைக் கேட்க வேண்டும். 1990களில் பொருளாதாரத் தடையால் பெட்ரோல் அரிதானபோது, ஆஸ்டின் ஏ40, கேம்பிரிட்ஜ், மோரிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கார்பரேட்டரில் சில துளி பெட்ரோல் விட்டு எஞ்சினைக் கிளப்புவது, சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது என்பதே இதன் சூட்சுமம்.

அங்கே லாரியின் உறவுக்காரன் ஒருவனும் உண்டு: தட்டிவான். பழைய லாரிச் சட்டகத்தின் மேல் மரக்கூடு கட்டி, பக்கவாட்டைத் திறந்துவிட்ட வண்டி. வாழைக்குலை, தேங்காய், மரக்கறி மூட்டைகளோடு சந்தைக்குப் போகும் பெண்களும் அதில் ஏறினார்கள். கொடிகாமம், பருத்தித்துறைப் பாதையில் அது பெயர்பெற்றது. புது வண்டி வாங்க வழியில்லாத ஊர், இருக்கிற வண்டியை உடைக்காமல் காத்தது.

வீட்டுக்குள் வரும் ஆபத்து

பழைய வண்டி வேலையைக் குடும்பத்தோடு செய்வதில் இன்பம் எவ்வளவோ அவ்வளவு அபாயமும் உண்டு. எங்கள் வீட்டில் முதல் வாரமே சண்டை வந்தது அதனால்தான். பேத்தியின் கையில் உப்புத்தாளைக் கொடுத்துச் சுரண்டச் சொன்னார் அப்பா. நான் பிடுங்கினேன். அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருந்திருக்கலாம். காய்ந்த தூளாகப் பறந்தால் குழந்தையின் மூளைக்குக் கேடு. அவர் நாற்பது வருடம் அதே தூளைச் சுவாசித்தவர், சிரித்தார். மூன்று நாள் பேச்சில்லை. பிறகு சமாதானம் இப்படி முடிந்தது: பேத்திக்கு சாக்பீஸ், தண்ணீர் தெளிப்பான், காதால் கேட்கும் வேலை. சுரண்டுவது பெரியவர்கள், முகக்கவசத்தோடு, ஈரத்தாளில் மட்டும்.

கதவுக்கே இத்தனை என்றால் முழு லாரிக்கு? பழைய லாரிகளில் பிரேக் எண்ணெய்க் குழாய் பெரும்பாலும் ஒரே சுற்றுதான். எங்காவது ஒரு ஓட்டை விழுந்தால் எல்லாச் சக்கரத்திலும் பிரேக் கைவிட்டுவிடும். பளபளவென்று பெயின்ட் அடித்து முடித்த பிறகு இது யார் கண்ணுக்கும் தெரியாது. ஆகவே அழகை ஆரம்பத்தில் தொடாதீர்கள். முதலில் நிற்க வேண்டும், அப்புறம் ஓட வேண்டும், மினுங்குவது கடைசி.

■ பெட்டிச் செய்தி: கை வைக்கும் முன்

• சட்டகத்தைத் தட்டுங்கள். கேபின் அழுகினால் மாற்றலாம். சேஸிஸ் நீளத்தில் ஓட்டை என்றால் வண்டியை விட்டுவிடுங்கள்.
• இறுகிய எஞ்சினைக் கட்டி இழுத்துக் கிளப்பாதீர்கள். சிலிண்டருக்குள் டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றி, சில நாள் ஊறவிட்டு, கையால் திருப்பிப் பாருங்கள்.
• பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஊதவோ பிரஷ் போடவோ கூடாது, நனைத்துத் துடையுங்கள்.
• பழைய ரிங் வைத்த சக்கரத்துக்கு வீட்டில் காற்றடிக்கக் கூடாது. ரிங் தெறித்தால் உயிர் போகும். இரும்புக் கூண்டு இருக்கும் கடைக்குக் கொண்டு போங்கள்.
• சுரண்டிய இடத்தில் மிஞ்சும் துருவுக்கு பாஸ்பாரிக் அமிலம் கலந்த திரவம் உதவும். துருவைக் கருப்பான பாஸ்பேட் படலமாக்கும். கையுறை அவசியம். ஈரக்காற்று வீசும் நம் ஊரில் அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள்.

சாக்பீஸ் கோடு

ஈரத்தாள் போட்டுத் தேய்க்கத் தேய்க்க, கதவு தன் வயதைக் காட்டியது. மேலே அத்தை கோழிக்கூண்டுக்கு அடித்த பச்சை. அதன் கீழே நீலம். அதற்கும் கீழே இளமஞ்சள். அந்த மஞ்சளில் சிவப்புத் தூரிகையால் யாரோ நிதானமாக எழுதிய எண்கள், கம்பெனிப் பெயரின் பாதி. ஒரு எண்ணின் வால் சற்று நீண்டு சுழிந்திருந்தது. அச்சில் வராத சுழி. அந்த எழுத்துக்காரரைத் தனக்குத் தெரியும் என்றார் அப்பா. பெயர் மறந்துவிட்டதாம். அன்று அதற்குமேல் யாரும் தேய்க்கவில்லை.

பெட்ஃபோர்டு டிகேயின் எஞ்சின் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இருக்கும். கதவுக்குப் பின்பக்கத்து மூடியைத் தூக்கினால் கை போகும். லாரி ஓடும்போதே கெலிண்டான் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு நோயைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்வானாம். அப்பாவின் காது அங்கே பழகியது. அதற்குத் தேதி எதுவும் யாரும் குறிக்கவில்லை. ஆனால் அவருக்கு இடது காது மந்தமாகி வருகிறது. ஓட்டுநர் இருக்கையில் எஞ்சின் பக்கம் இருந்த காது.

கீழ்விளிம்புக்குப் புதுத் தகரம் வேண்டும். வீட்டில் வெல்டிங் வைக்க முடியாது. போன வாரம் தெரிந்தவர் பட்டறைக்கு வேனில் கொண்டுபோனோம். பேத்தி போட்ட சாக்பீஸ் கோட்டின் மேலேயே வெட்டினார்கள். கோடு ஒரு விரற்கடைகூடத் தப்பவில்லை. வெட்டுவாயில் நல்ல இரும்பு வெள்ளையாக மின்னியது. புதுத் தகரத்தை ஒட்டி, தேய்த்துச் சமமாக்கி, பிரைமர் அடித்த பிறகு கண்ணுக்கு ஒட்டு தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா ஸ்க்ரூடிரைவரை அவளிடம் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் மேலிருந்து தட்டிக்கொண்டே இறங்கினாள். ணங். ணங். பிறகு கொஞ்சம் மெல்லிய ஒரு சத்தம்.

“இதுலேருந்து புதுசு, தாத்தா.”

அப்பா வலது காதைத் திருப்பினார். “இன்னொரு தடவை தட்டு.”